தண்ணீர் எங்கே போயிற்று?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி, விசேஷ தினங்கள் நீங்கலாக, வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில்தான் திறந்திருக்கும் என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அந்த இரண்டு நாட்களிலும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக மோட்டார்களில் வந்து இறங்குவார்கள். உள்ளே மாவிளக்குக்கு அரிசி இடிக்கும் சத்தம் கேட்கும். வெளியே, கோடைகாலமானால், இன்னொரு காட்சியும் உண்டு. எங்கேனும் ஒரு வண்டி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் நிற்கும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியர். ஆனால் எல்லா வைத்தியர்களும் கடைசியில் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒன்றே: "தண்ணீர் ஊற்றுங்கள்!" இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றப்படும், வண்டி புறப்படும், கூட்டம் கலையும். ஏற்கனவே உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைச் சென்ற கோடையில் நாமே கேட்டுத் தீரவேண்டிய அவசியம் ஏற்பட்டது.

நம்மிடம் இருப்பது பதினான்கு வயதான ஒரு சிறிய பெட்ரோல் கார். இன்னொருவர் ஓட்டி அலுத்த பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நம் தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. சிறுநீரகங்கள் இரண்டும் வேலை நிறுத்தம் செய்துவிட்டபடியால், செவ்வாயும் சனியும் திருச்சிக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். போகும்போதாவது பஸ்ஸில் போய்விடலாம். நான்கு மணி நேரம் யந்திரத்துடன் பிணைக்கப்பட்டுக் கிடந்துவிட்டுத் திரும்பும்போது அவரால் பஸ்ஸில் நிற்க முடியாது. உட்கார இடம் கிடைத்தாலும் தலை நிற்காது. செவ்வாயன்று நம் தம்பி ஓட்டுவான். சனியன்று நாம் ஓட்டுவோம்.

சித்திரை பிறந்த சில நாட்களில் வண்டி ஒரு புதிய குணத்தைக் காட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரையில் உஷ்ணத்தைக் காட்டும் முள் சாதுவாக நடுவில் நின்றது. கொள்ளிடத்தைத் தாண்டி, காவிரிப் பாலத்தையும் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் வண்டி ஊர ஆரம்பித்ததும் முள்ளும் மேலே ஊர ஆரம்பித்தது. நெரிசல் விட்டுக் காற்றுப் பட்டதும் தானாகவே இறங்கிவிட்டது. முதல் வாரம் இப்படி. இரண்டாவது வாரமும் இப்படி. மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வருகையில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினோம். பகல் ஒரு மணி. வெயில் நாற்பது டிகிரிக்கு மேல். தாயார் பின் ஆசனத்தில் கண்களை மூடிக்கொண்டு, கையில் போட்டிருந்த கட்டைப் பிடித்தபடி பேசாமல் கிடந்தார். வழக்கமாக நம் வண்டியையும் நாம் ஓட்டும் லட்சணத்தையும் விடாமல் விமரிசிக்கிறவர் பேசாமல் கிடந்ததுதான் நமக்குப் பயத்தை உண்டாக்கியது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

மறுநாளே ஒரு பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்தார். பக்கத்திலுள்ள கூலண்ட் டப்பா விளிம்பு வரை நிரம்பி வழிந்திருப்பதைப் பார்த்தார். "ஹெட் காஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கவேண்டும், முப்பதாயிரம் ஆகும், பத்து நாள் வண்டி இங்கே இருக்கட்டும்" என்றார். இத்தனையும் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. அவரை அறியாதவர் என்று நாம் சொல்லமாட்டோம். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு பழுதானால், எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்து அதை வெளியே தள்ளும், டப்பா வழியும். ஆனால் டப்பா வழிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஜுரம் என்றதும் வயிற்றைக் கீறிப் பார்க்கும் வைத்தியரிடம் நாம் போவோமா? முப்பதாயிரம் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்து நாட்கள் என்றால் தாயாரின் சிகிச்சை மூன்று முறை வரும். மூன்று முறையும் வாடகை வண்டி தேடவேண்டும். "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லி, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின் மெதுவாக வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

இங்கே சற்று நின்று, எஞ்சினுக்குள் தண்ணீருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடவேண்டும். பெட்ரோல் எரியும் க்ஷணத்தில் உள்ளே உஷ்ணம் இரண்டாயிரம் டிகிரிக்கும் மேல் போகிறது. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எரிபொருளிலிருந்து கிடைக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பயன்படுவதில்லை. ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. இன்னொரு பெரும் பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். பம்பு தண்ணீரை எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அங்கே சூடானது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடிக் காற்றுக்கு உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அவ்வளவே விஷயம். சென்னையில் 1955 முதல் செய்யப்பட்டு வந்த புல்லட் மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீரே கிடையாது. எஞ்சினைச் சுற்றிலும் தகடு தகடாக இருக்கும் செதில்கள் காற்றிலேயே ஆறிவிடும். நாலு பேரைச் சுமக்கும் வண்டிக்கு அது போதாது.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இந்தச் சுற்றோட்டமும் இல்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டாரை, அவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளுடன் ஓட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாம் திருச்சிக்குப் போய்த் திரும்பும் தூரம்தான். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வழியில் கிணறு கண்ட இடத்திலும் ஓடை கண்ட இடத்திலும் நின்று நின்று ஊற்றிக்கொண்டு போனார். அவர் போனதும் தாயார் வீட்டுக்குத்தான் என்பதைப் படித்தபோது அந்த அம்மையாரிடம் நமக்கு ஒரு தனி அபிமானம் ஏற்பட்டது. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருஷங்களில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மெர்ஸிடஸ் வண்டிக்கு அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள். இன்று நம் வண்டிகளில் இருப்பவை அதன் பேரப்பிள்ளைகள். கோயில் வாசலில் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறவர்களோ இன்னும் பெர்த்தா அம்மையாரின் காலத்திலேயே இருக்கிறார்கள்!

இனி ரேடியேட்டரின் மூடி. பார்வைக்குச் சோடா மூடியின் அண்ணன் போல் இருக்கும் இந்தச் சிறு பொருளைச் சாமானியமாக நினைக்கக்கூடாது. வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதன் தத்துவத்தைச் சொல்லவே வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கு அழுத்தத்தை உள்ளே நிறுத்தினால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரையில் பொறுத்துக்கொள்ளும். ஆகவே மூடியில் ஒரு வில்லும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் ஏற்பட்டால் தண்ணீரைக் கூலண்ட் டப்பாவுக்குள் விடும். அதோடு வேலை தீரவில்லை. எஞ்சின் ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது, மூடியின் அடியிலுள்ள இன்னொரு சிறு வால்வு திறந்து, அந்தத் தண்ணீரை டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூச்சு வெளியே விட ஒரு கதவு, உள்ளே இழுக்க ஒரு கதவு. சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் கம்பெனியார் 1992இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த மூடிகளைச் செய்து அனுப்பத் தொடங்கினார்கள் என்பதை நம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் நம்பாமல் நம்மைப் பார்ப்பது வழக்கம்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பரிசோதனையைத் தொடங்கினோம். விடியற்காலை என்பது முக்கியம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பது, விசில் அடங்காத குக்கரைத் திறப்பதைவிட மோசமானது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இரவெல்லாம் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தோம். இங்கேதான் முதல் ஆச்சரியம். கூலண்ட் டப்பா விளிம்பு வரை நிரம்பியிருக்க, ரேடியேட்டரிலோ தண்ணீர் கண்ணுக்கு எட்டவில்லை. ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அடியிலிருந்த சிறு வால்வு வெள்ளைக் காரை படிந்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சை விடும் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது. இழுக்கும் கதவு எப்போதும் மூடிக்கிடந்தது. தண்ணீர் போன இடம் தெரிந்துவிட்டது: பாதி டப்பாவில், மீதி சாலையில்.

ஆயினும் ஹெட் காஸ்கெட் குற்றவாளி அல்ல என்று இதனால் நிரூபணம் ஆகவில்லை. அதைத் தனியே விசாரித்தோம். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது மோர்க்குழம்பு நிறமாகிவிடும். நம் எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. பிறகு ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல், எஞ்சினைக் கிளப்பினோம். தகடு பழுதாகியிருந்தால் வாயிலே குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கவேண்டும். ஆரம்பத்தில் நாலைந்து குமிழிகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. புகைக்குழாயிலும் ஓயாத வெண்புகை இல்லை. முப்பதாயிரம் ரூபாய் அந்த நிமிஷத்தில் நமக்கு மிச்சமான மாதிரி இருந்தது.

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார், "ஏண்டா, எனக்கு மட்டும் டம்ளரில் அளந்து அளந்து கொடுக்கிறாய். இந்தக் கடங்காரனுக்குக் குடம் குடமாக ஊற்றுகிறாயே!" என்றார். அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை தண்ணீர்தான் என்பது டாக்டரின் உத்தரவு, கோடையிலும் அதுவே. நாம் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் முதன்முதலாக நம்மை ஏசியது அப்போதுதான்.

மூடி ஒன்றே காரணமானால் வண்டி நெடுஞ்சாலையிலும் சூடேறியிருக்கவேண்டும். நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது, ஓடும்போது ஆறுகிறது. ஓடும்போது இருந்து, நிற்கும்போது இல்லாத பொருள் எது? காற்று. நிற்கும்போது காற்றைக் கொடுக்கவேண்டியது ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள விசிறி. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில் விசிறி எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் ஓடினால் விசிறியும் சுழலும். பிற்காலத்து வண்டிகளிலோ அது மின்சார விசிறி; உஷ்ணம் ஏறியதை ஒரு சிறு ஸ்விட்சு உணர்ந்து, விசிறிக்கு ஆணையிடவேண்டும். மூடியைப் போட்டு எஞ்சினை நின்றபடியே ஓடவிட்டோம். முள் ஏறியது, மேலும் ஏறியது, விசிறி அசையவில்லை. எஞ்சினை நிறுத்தினோம்.

இந்த இடத்தில் நாம் ஒருவரிடம் யோசனை கேட்டோம். பெரம்பலூரில் ரேடியேட்டர்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அந்த இளைஞர் ஒரு காலத்தில் நம் மாணவர். வெப்பத்தைப் பற்றிய பாடத்தை நாம் நடத்தியபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "சார், ஏ.ஸி.யைப் போட்டுப் பாருங்க. உங்க வண்டியில ரெண்டுக்கும் ஒரே ஃபேன்தான்" என்றார். போட்டோம், விசிறி சுழன்றது. அப்படியானால் விசிறியின் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது. "அந்த ஸ்விட்சுக்கு வர்ற ரெண்டு வயரையும் கழற்றி ஒண்ணா சேருங்க சார். கையை மட்டும் ஃபேன்கிட்ட வைக்காதீங்க." சேர்த்தோம், மறுபடியும் சுழன்றது. ஆகவே கம்பிகளும் சரி. மிஞ்சியது கட்டைவிரல் அளவுள்ள அந்த ஸ்விட்சு ஒன்றுதான். ஏ.ஸி.க்குத் தனி விசிறி வைத்த வண்டிகளில் இந்த முதல் சோதனை செல்லாது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்விட்சைக் கழற்றியபோது அதன் நுனியில் முட்டையோட்டைப் போல் வெண்காரை படிந்திருந்தது. நமக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கூலண்ட் என்னும் மருந்துநீரை ஊற்றாமல், வருஷக்கணக்காக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்ததன் பலன் அது. நமது மாவட்டத் தண்ணீரின் பெருமையை வெந்நீர்ப் பானையின் அடியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இந்த மாவட்டத்தின் ஒரு பகுதி முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது. சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருஷங்களுக்கு முந்திய மரமொன்று, பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்னும் நிலநூல் அறிஞர் கண்டு சொன்னது. அந்தக் கடலின் சுண்ணாம்பை அரியலூரில் வெட்டிச் சிமெண்டு செய்கிறார்கள். சிறுவாச்சூர் இருப்பது கடினமான பாறைப் பிரதேசம்; இருந்தாலும் தண்ணீரின் கடினத்தில் நாங்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல!

நம் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளியில் செய்யாத பரிசோதனை ஒன்றை வீட்டில் செய்யலாம் என்று அவளை அழைத்தோம். பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 110 டிகிரி வரை காட்டும் உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, ஸ்விட்சின் நுனியை அமிழ்த்தி, மல்டிமீட்டரை இணைத்தோம். காரையைச் சுரண்டிய பிறகும், தண்ணீர் பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்த பிறகும், மீட்டர் வாய் திறக்கவில்லை. ஸ்விட்சு இறந்துவிட்டது. அதே பாத்திரத்தில், எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வாயிற்காப்போனாக இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி நூலில் கட்டித் தொங்கவிட்டோம். அதற்குள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கவேண்டும். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தது. மகளின் நோட்டுப் புத்தகத்தில் 83 டிகிரியில் திறக்கத் தொடங்கியதாகப் பதிவாயிற்று. பதினான்கு வருஷமாக உழைத்த பண்டத்துக்கு அந்த ஒரு டிகிரியை மன்னித்துவிடலாம். பாத்திரம் அதற்குப்பின் சமையலறைக்குத் திரும்பவில்லை. நம் இல்லாள் அதைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுதத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை தாயாருக்கு வாடகை வண்டி. அன்றைய தினமே பெரம்பலூரிலிருந்து புதிய ஸ்விட்சும் புதிய மூடியும் வந்தன. பழைய மூடியில் பொறித்திருந்த அழுத்த எண்ணையே புதியதிலும் பார்த்து வாங்கினோம். பெரிய எண்ணாக வாங்கினால் நல்லது என்று நினைப்பது, சிறிய குழாய்களை வெடிக்கவைக்கும் யோசனை. புதிய ஸ்விட்சையும் மாட்டுவதற்கு முன் கொதிநீரில் பரீட்சித்தோம். 95 டிகிரியை நெருங்குகையில் மீட்டர் கீச்சிட்டது. மகள் கை தட்டினாள்.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தைக் கழுவியபோது இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. பெரம்பலூர் பக்கத்தில் மக்காச்சோளத்தைச் சாலையிலேயே காயப் போடுவது வழக்கம். அதன் பொட்டும் சருகும், பூச்சிகளின் இறகுகளும், மண்ணும் சேர்ந்து செதில்களின் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டோம். வேகமாக அடித்தால் மெல்லிய செதில்கள் மடிந்துபோகும். கூடை நிறையக் குப்பை வந்தது என்றால் மிகை. ஒரு முறத்தளவு வந்தது. உள்ளேயிருந்த துருநீரைத் திறந்துவிட்டு, பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை நிரப்பி, எஞ்சினைச் சிறிது ஓட்டி, மறுபடி திறந்துவிட்டோம். முதலில் காப்பி நிறம். இரண்டாவது முறை தேநீர். மூன்றாவது முறைதான் தண்ணீர். கடைசியில் பாதிக்குப் பாதி சுத்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றினோம். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் சற்று உயர்த்தும். ஆனால் அதிலுள்ள கிளைக்கால் என்னும் பொருள் தித்திப்பான விஷம். நாயும் கன்றுக்குட்டியும் நக்கிப் பார்க்கும். சிந்தியதை மண் போட்டுத் துடைத்து, மிச்சத்தை மூடிய டப்பாவில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத பரணில் ஏற்றினோம்.

உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்பாகம் மேடாக இருக்கும்படி வாசல் சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பிறகு மூடியைப் போட்டுக் காத்திருந்தோம். முள் நடுவைத் தாண்டிச் சற்று ஏறியது. நாமும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று விசிறி உர்ரென்று சுழல ஆரம்பித்தது. மூன்று நிமிஷத்தில் முள் இறங்கியது; விசிறி தானே நின்றது. செலவுக் கணக்கு: ஸ்விட்சு, மூடி, கூலண்ட், சுத்த நீர் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். பெரம்பலூர் இளைஞர் யோசனைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நீங்க அப்போ சொல்லிக் கொடுத்ததுதானே சார்!" என்றார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே காதை மட்டும் வகுப்பில் வைத்திருந்தார் போலும்.

சனிக்கிழமை தாயாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வருகையில் சத்திரம் பேருந்து நிலையத்தருகே வழக்கத்தைவிடப் பெரிய நெரிசல். வண்டி நின்றது. பின்னாலிருந்த தாயார் கண்ணைத் திறக்காமலே, "அதென்னடா உர்ரென்று ஒரு சத்தம்?" என்று கேட்டார். விசிறி என்று சொன்னோம். "எனக்கும் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வை" என்றார்.